கோத்தகிரி பள்ளிக் கண்காட்சிக்கு உடல் மண்டல மாடல்கள்: பலூன் உப்பவில்லை, காகிதக்கூழ் காயவில்லை

கோத்தகிரி_டீச்சர் (கேள்வி)

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சுவாசம், ரத்த ஓட்டம், செரிமானம் மூன்றுக்கும் மாடல் செய்கிறார்கள். நவம்பர் நடுவில் ஊட்டியில் கண்காட்சி. தேர்வானால் அடுத்த சுற்று கோயம்புத்தூரில். கையில் இருப்பது 1,000 ரூபாய்.

இப்போதைய நிலவரம் இது.

நுரையீரல்: யூடியூபில் எல்லோரும் இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலை அறுத்துத்தான் செய்கிறார்கள். நம் மாவட்டத்தில் அந்தப் பாட்டிலுக்குத் தடை. கிடைத்த வேறொரு மெல்லிய பாட்டிலில் செய்து பார்த்தால், கீழே ரப்பரை இழுக்கும்போது பலூன் உப்பாமல் பாட்டில்தான் உள்ளே ஒடுங்குகிறது. உயரமான ஊர் என்பதால்தான் இப்படி என்று ஒருவர் சொன்னார். சரியா?

கல்லீரல், இரைப்பை: செய்தித்தாள் கூழும் மைதாப் பசையும். மழை விட்டபாடில்லை. மேலே காய்ந்த மாதிரி இருக்கிறது, அமுக்கினால் உள்ளே ஈரம். ஓரத்தில் பூஞ்சை வெள்ளையாகப் பிடித்துவிட்டது.

இதயம்: தெர்மாகோலில் செதுக்கி வண்ணம் அடிப்பதா, தண்ணீர் ஓடுகிற மாதிரி செய்வதா? ஓட விட வேண்டுமென்றால் எளிய வழி ஏது?


குழாய்_வால்வு (பதில்)

டீச்சர், நுரையீரலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உயரம் ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல ஐந்தில் நான்கு பங்கு. ஜாடிக்குள் கொள்ளளவை 5 சதவீதம் கூட்டினால் அழுத்தமும் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். பாயில் விதி எந்த ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அந்த 5 சதவீதம் சென்னையில் 5 கிலோபாஸ்கல் என்றால் உங்கள் ஊரில் 4. பலூன் ரப்பரை விரிக்கத் தேவையான அழுத்தமோ இரண்டு ஊரிலும் மாறாது. அதனால் சமவெளியில் அரைகுறையாக வேலை செய்யும் மாடல் இங்கே சுத்தமாக வேலை செய்யாமல் போகும். நல்ல மாடலுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. உங்களைக் கெடுப்பது மூன்று விஷயம்: மெல்லிய சுவர், எங்கோ கசிவு, விறைப்பான புதுப் பலூன்.

கூல்டிரிங்ஸ் பாட்டிலைத் தேட வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் யாரிடமாவது சொல்லி எடுத்துவரச் செய்வதும் வேண்டாம், குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் அவர்தான் பதில் சொல்லணும். பெட்டிக்கடையிலோ பேக்கரியிலோ மிட்டாய், பிஸ்கட் போட்டு வைக்கும் அகன்ற வாய் ஜாடி காலியானது கேளுங்கள். கொள்ளளவு ஒரு லிட்டர் அளவில் இருக்கட்டும். விரலால் அமுக்கினால் ஒடுங்கக் கூடாது. பெரிய ஜாடி அழகாக இருக்கும், ஆனால் உள்ளே சும்மா கிடக்கும் காற்று அதிகம். இழுக்கும் இழுப்பு அந்தக் காற்றை விரிப்பதிலேயே போய்விடும்.

ஜாடியைத் தலைகீழாக வையுங்கள். வாய்தான் இப்போது அடிப்பக்கம், உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசை, இங்கே ரப்பர்) அங்கே வரும். அடியை அறுத்துச் செய்யும் முறையைவிட இது மேல், ஏனென்றால் அறுத்த விளிம்பு ரப்பரைக் கிழிக்கும். வாயில் இருக்கும் மரையோ ரப்பர் நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

மேலே வந்துவிட்ட ஜாடி அடியின் நடுவில் ஒரு ஓட்டை. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இரண்டு துளை ரப்பர் கார்க் இருக்கும், அது பாதி இறங்கி இறுகுகிற அளவுக்கு ஓட்டை போதும். சூடாக்கிய கம்பியால் வட்டமாகப் புள்ளி புள்ளியாகத் துளைத்து, நடுவை எடுத்துவிட்டு, அரத்தால் தேய்த்து உருட்டணும். இதை ஜன்னலைத் திறந்துவைத்துப் பெரியவர் செய்யட்டும். கார்க்கை வெளியிலிருந்து உள்நோக்கிச் செருகுங்கள். உதரவிதானத்தை இழுக்கும்போது வெளிக்காற்று கார்க்கை இன்னும் உள்ளே அழுத்தி இறுக்கும். சூட்டுப் பசைத் துப்பாக்கி இங்கே வேண்டாம். குளிரில் பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் முன்பே உறைந்துவிடும், இரண்டு நாளில் முழுசாகக் கழன்று வரும். கார்க்கைச் சுற்றிச் சந்தேகமாக இருந்தால் எம்-சீல் பூசுங்கள். இரண்டு பகுதியையும் சம அளவு எடுத்து, ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, ஜாடியின் மேற்பரப்பை உப்புத்தாளால் கீறிவிட்டுப் பூசி, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடணும்.

ஒரு துளையில் ஒய் வடிவக் கண்ணாடிக் குழாய். ஒய்யின் ஒற்றைக் கால் உள்ளிருந்து கார்க் வழியாக வெளியே வரணும், இரட்டைக் கால்கள் ஜாடிக்குள், அவற்றின் முனைகளில் பலூன்கள். சோப்புத் தண்ணீர் தொட்டு, துணியில் சுற்றி, கார்க்குக்கு மிக அருகில் பிடித்துத் திருகித் திருகி ஏற்றுங்கள். தள்ளிப் பிடித்து அழுத்தினால் குழாய் உடைந்து உள்ளங்கையில் ஏறிவிடும். இரண்டாம் துளையில் மருந்துக்கடையில் புதிதாக வாங்கிய சலைன் செட்டின் குழாய் ஒரு துண்டு, அதோடு வரும் உருளைக் கிளிப்போடு. துளையைவிடக் குழாய் ஒல்லியாகத்தான் இருக்கும், சுற்றி எம்-சீல் வைத்து அடையுங்கள். இது எதற்கென்று பிறகு சொல்கிறேன். இதை விட்டுவிட்டால் கோவையில் மாட்டிக்கொள்வீர்கள்.

உதரவிதானத்துக்கு அறுவைசிகிச்சைக் கையுறையின் உள்ளங்கைப் பகுதி நல்லது, பெரிய பலூனை வெட்டியும் போடலாம். நடுவில் உட்பக்கமாக ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, வெளிப்பக்கமிருந்து ரப்பரோடு சேர்த்துக் குவித்து நூலால் கட்டினால் ஓட்டை போடாமலே பிடி கிடைக்கும். சைக்கிள் ட்யூபிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் அகலப் பட்டை வெட்டி, இழுத்து இழுத்து இரண்டு சுற்று கட்டுங்கள். சாதாரண ரப்பர் பேண்ட் போதாது.

தோல் மாதிரி விறைப்பாகக் கட்டிவிடாதீர்கள், கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும். நிஜ உதரவிதானம் தளர்ந்திருக்கும்போது குவிமாடம் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும், சுருங்கும்போது தட்டையாகும். கிளிப்பைத் திறந்து, ரப்பரை மூன்று சென்டிமீட்டர் மேலே தள்ளிப் பிடித்து, கிளிப்பை மூடுங்கள். இப்போது அங்கிருந்து கீழே இழுக்கலாம். ஒன்பது சென்டிமீட்டர் வாய்க்கு மூன்று சென்டிமீட்டர் இழுத்தால் சுமார் 60 மில்லி கொள்ளளவு மாறும். குவிமாடத்திலிருந்து தட்டைக்கும், அங்கிருந்து இன்னும் மூன்று சென்டிமீட்டர் கீழேயும் போனால் 120 மில்லி. இந்த இரட்டிப்புதான் பலூன் கண்ணுக்குத் தெரிய உப்புவதற்கும் லேசாக அசைவதற்கும் உள்ள வித்தியாசம்.

கசிவுச் சோதனை: மேல் குழாயை விரலால் அடையுங்கள், உதரவிதானத்தைக் கீழே இழுத்துப் பத்து வினாடி பிடித்துவிட்டு விடுங்கள். பழைய இடத்துக்கே திரும்பினால் சரி. கீழ்நோக்கித் தொங்கி நின்றால் ஜாடிக்குள் காற்று நுழைந்திருக்கிறது. கார்க், ரப்பர் விளிம்பு, கிளிப் மூன்றிலும் சோப்பு நீர் தடவி, ரப்பரை மேலே அழுத்திப் பாருங்கள், குமிழி வரும் இடம்தான் குற்றவாளி.


நனைந்த_நாளிதழ் (பதில்)

காகிதக்கூழ் பற்றி. கோத்தகிரி, குன்னூர் சரிவில் வடகிழக்குப் பருவமழைதான் கனமாகப் பிடிக்கும். அக்டோபர், நவம்பரில் காற்றிலேயே ஈரம் நிற்பதால் கூழிலிருந்து தண்ணீர் போக வழியே இல்லை. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் கூழை அப்பினால் மேல்தோல் காய்ந்து, உள் ஈரத்துக்கு மூடியாகிவிடும். மைதாப் பசை பூஞ்சைக்குச் சாப்பாடு. இப்போது இருப்பதைக் காப்பாற்ற முயலாதீர்கள், பூஞ்சை பிடித்ததைப் பிள்ளைகள் கையில் வைத்துச் சுரண்டவும் வேண்டாம். பசையில் மயில்துத்தம் கலக்கச் சொல்வார்கள். அது விஷம், பள்ளி வேலைக்கு ஆகாது.

திரும்பச் செய்வதானால் கூழ் இல்லை, துண்டுக் காகிதம். காய்ந்த செய்தித்தாளைக் கசக்கி உருட்டி, நூல் சுற்றி, கல்லீரல் வடிவம் பிடியுங்கள். அதன்மேல் இரண்டு விரல் அகலத் துண்டுகள், ஒரு தடவைக்கு மூன்று அடுக்கு, அதற்கு மேல் வேண்டாம். பசைக்கு ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும் ராத்திரியில் ஒட்டி வைத்தால் ஃபெவிகால் கண்ணாடி மாதிரி படியாமல் சுண்ணாம்புத் தூளாக வெளுத்துவிடும், ஒட்டும் தன்மையும் போய்விடும். காலையில் ஒட்டுங்கள்.

உலர்த்த ஒரு பெரிய அட்டைப்பெட்டி, பழைய 60 வாட் இழை பல்பு ஒன்று. எல்.இ.டி. பல்பில் போதிய சூடு வராது. பெட்டியின் கீழே நாலு ஓட்டை, மேலே நாலு ஓட்டை, பல்புக்கும் பொருளுக்கும் அட்டைச் சுவருக்கும் முப்பது சென்டிமீட்டராவது இடைவெளி. ஆள் இருக்கும்போது மட்டும், ராத்திரி போட்டுவிட்டுப் போவதே கூடாது. காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பதை விடுங்கள், தராசில் வையுங்கள். மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நிறுத்தும் எடை குறையாமல் நின்றால்தான் காய்ந்தது என்று பொருள். அதற்குமுன் எனாமல் பெயின்டோ வார்னிஷோ அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, ஒரு வாரத்தில் பெயின்ட் கொப்புளிக்கும்.

ஆனால் செரிமானத்துக்குக் கூழே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. துணியில் செய்யுங்கள். சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர், பெருங்குடல் ஒன்றரை மீட்டர். ஒரு பழைய சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். நீளவாக்கில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, அரை மீட்டர் ஒட்டுப் போட்டு, மடித்துத் தைத்துத் திருப்பினால் இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், நிஜ நீளத்தில் கிடைக்கும். திருப்புவதற்கு ஊக்கில் நூல் கட்டி உள்ளே விடணும், ஆறு மீட்டரையும் ஒரே மூச்சில் தைத்துவிட்டால் திருப்ப முடியாது, இரண்டு மீட்டராகத் தைத்துத் திருப்பிப் பிறகு இணையுங்கள். பெருங்குடலுக்குப் பட்டை அகலம் இருபத்தொரு சென்டிமீட்டர். உள்ளே துணிக் கிழிசலைத் தளர்வாக அடையுங்கள். இறுக அடைத்தால் மடியாது, வயிற்றுக்குள் அடங்கவும் அடங்காது.

ஒட்டுப்பலகையில் ஆள் உருவம் வரைந்து, குடலை ஒட்டும் பட்டையால் மட்டும் நிறுத்துங்கள். நடுவர் முனையைப் பிடித்து இழுக்க, ஆறு மீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். எந்த வண்ணம் அடித்த சிலையும் அந்த வேலையைச் செய்யாது. உறிஞ்சு பரப்பைக் காட்ட ஒரு அடி நீளத்துக்குக் குடலின் உள்பக்கம் பூத்துவாலைத் துணி வைத்துத் தைத்து வெட்டித் திறந்து வையுங்கள், குடலுறிஞ்சிகள் அப்படியே தெரியும்.

கல்லீரல் உடலின் வலப்பக்கம், பார்ப்பவருக்கு இடப்பக்கம். குடல்வாலும் அதே பக்கம், கீழே. பலகை மாடல்களில் அடிக்கடி தப்புவது இந்த இடம்தான்.


கோத்தகிரி_டீச்சர்

ஜாடி முறையில் செய்தாயிற்று, கசிவு இல்லை. ஆனால் ஒரு பலூன்தான் உப்புகிறது. அடுத்தது அசையவே இல்லை. குழாய் அடைப்பும் இல்லை, ஊதிப் பார்த்தோம்.


குழாய்_வால்வு

அடைப்பு இல்லாமலே அப்படித்தான் ஆகும். பலூனை ஊதும்போது முதல் மூச்சுதானே கஷ்டம். கொஞ்சம் உப்பிவிட்டால் அதன்பிறகு குறைந்த அழுத்தத்திலேயே விரியும். எனவே இரண்டில் எது ஒரு மயிரிழை இளகலாக இருக்கிறதோ அது முந்திக்கொண்டு வருகிற காற்றையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்து, இரண்டையும் பலமுறை ஊதித் தளர்த்தி, கழுத்தை ஒரே நீளத்தில் வெட்டினால் குறையும், முழுதாகப் போகாது.

முழுத் தீர்வு, பலூனையே எடுத்துவிடுவது. ரொட்டி சுற்றி வரும் மெல்லிய கவரில் ஐந்துக்கு ஏழு சென்டிமீட்டர் பைகள் இரண்டு. விளிம்பைக் காகிதத்துக்கு அடியில் வைத்து இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தால் ஒரு நொடி தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் இல்லாததால் விரிய அழுத்தமே தேவையில்லை, இரண்டும் ஒன்றாக நிரம்பும். 120 மில்லி இரண்டாகப் பிரிந்தால் பைக்கு 60, அந்தப் பைக்கு அது தாராளம்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. நிஜ நுரையீரல் மீள்தன்மை உள்ளது. ஓய்வாக இருக்கும்போது மூச்சை வெளியே விடத் தசை வேலை செய்வதில்லை, நுரையீரல் தானே சுருங்குகிறது. பை அப்படிச் சுருங்காது, நீங்கள் ரப்பரை மேலே தள்ளித்தான் காலி செய்யணும். நடுவர் கேட்டால் பிள்ளைகள் இதைத் தாங்களே சொல்லட்டும். விலா எலும்புகள் அசைவதில்லை என்பதையும், வலது நுரையீரலுக்கு மூன்று கதுப்பு, இடதுக்கு இரண்டு என்பதையும் அட்டையில் எழுதி வையுங்கள். நுரையீரல் வெறும் பை இல்லை, உள்ளே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள். அதற்கு ஒரு ஸ்பாஞ்சை வெட்டிப் பக்கத்தில் வைத்தால் போதும்.


இருபடி_இறைப்பான் (பதில்)

இதயத்துக்கு வருகிறேன். தெர்மாகோல் சிலை வேண்டாம். கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் கைப்பம்ப் இருக்கிறதல்லவா, மேலே பல்பு, கீழே நேரான குழாய், பக்கத்தில் நெளிவுக் குழாய், அதில் இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பம்ப், நாலு வால்வு: வலப்பக்கம் மூவிதழ் வால்வும் நுரையீரல் தமனியின் அரைச்சந்திர வால்வும், இடப்பக்கம் ஈரிதழ் வால்வும் பெருந்தமனியின் அரைச்சந்திர வால்வும். பல்புதான் வெண்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் கீழறை. பழைய மண்ணெண்ணெய் பம்ப் வேண்டாம், நாற்றம் போகாது.

ஒன்றரை லிட்டர் கண்ணாடிப் பாத்திரமோ தெளிவான டப்பாவோ ஒரே அளவில் இரண்டு. ஒன்றில் 'நுரையீரல்', இன்னொன்றில் 'உடல்' என்று எழுதி, இரண்டிலும் 750 மில்லி தண்ணீர். வலது பம்ப் உடலிலிருந்து எடுத்து நுரையீரலில் விடணும். இடது பம்ப் நுரையீரலிலிருந்து எடுத்து உடலில் விடணும். அவ்வளவுதான் அமைப்பு. ஆரிக்கிள்களுக்கு (மேலறைகளுக்கு) இதில் தனி அறை கிடையாது, டப்பாவே அந்த இடத்தில் நிற்கிறது.

இது எங்கே சொதப்பும் என்றால், முதலில் அமுக்காமலே தண்ணீர் ஓடும். அது சைஃபன். வெளியே விடும் குழாயின் முனை, எடுக்கும் டப்பாவின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் தானே வழிந்துகொண்டிருக்கும், வால்வு அதைத் தடுக்காது, ஏனென்றால் அது போகவேண்டிய திசையிலேயே போகிறது. இரண்டு டப்பாவும் ஒரே மட்டத்தில் இருக்கணும். வெளிமுனைகளை நீர்மட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே கிளிப் போட்டு நிறுத்துங்கள். அமுக்கும்போது பீச்சி விழுவதும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அடுத்தது, பல்பு தலையில் காற்றுத் திருகு இருந்தால் அதை இறுக மூடணும். மூடாவிட்டால் காற்றைத்தான் இறைக்கும். பம்பைப் படுக்கவைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய வால்வு சரியாக உட்காராது, பின்னோக்கிக் கசியும். நிமிர்த்தி, ஒரு பலகையில் இரண்டு பம்பையும் அருகருகே கட்டி நிறுத்துங்கள்.

நிறம்: சிவப்பும் நீலமும் ஊற்றாதீர்கள். இது ஒரே சுற்று, நாலு அமுக்கில் இரண்டும் கலந்து ஊதாவாகிவிடும். தண்ணீரில் உணவுச் சிவப்பு சில சொட்டு மட்டும், பிராணவாயு குறைந்த ரத்தமும் கருஞ்சிவப்புதானே ஒழிய நீலம் இல்லை. வேறுபாட்டைக் குழாய்மேல் இன்சுலேஷன் டேப்பால் காட்டுங்கள். நுரையீரல் தமனிக்கு நீல டேப், நுரையீரல் சிரைக்குச் சிவப்பு. தமனி என்றாலே சிவப்பு என்று பிள்ளைகள் பழக்கத்தில் சுற்றிவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு அமுக்குக்கு எவ்வளவு வருகிறது என்று பத்து முறை அளவு ஜாடியில் இறைத்துப் பத்தால் வகுத்து எழுதி ஒட்டுங்கள். பெரியவரின் இதயம் ஓய்வில் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி, நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் 5 லிட்டர். பக்கத்தில் 5 லிட்டர் தண்ணீர் ஒரு வாளியில் இருக்கட்டும். ஒரு பிள்ளை கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம் அமுக்கட்டும், கை வலி அந்த எண்ணை விளங்க வைக்கும்.

இந்த மாடலில் நடுவரை நிறுத்தக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பல்பையும் ஒரே பலத்தில் அமுக்கினால் இரண்டு டப்பாவிலும் மட்டம் மாறாது. இடது பல்பை மட்டும் பாதி பலத்தில் அமுக்கிப் பாருங்கள். பத்துப் பதினைந்து அமுக்கில் 'நுரையீரல்' டப்பா நிரம்பிக்கொண்டே வரும். இடது இதயம் பலவீனமானவருக்கு ஏன் மூச்சுத் திணறுகிறது, ஏன் நுரையீரலில் நீர் கோக்கிறது என்பதை ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிடலாம். டப்பாவில் அளவுக்கோடு போட்டு வைத்திருங்கள்.

சுவர் ஓரமாக இடம் கிடைத்தால் இரண்டு காகிதப் பட்டை ஒட்டுங்கள். வலது வெண்ட்ரிக்கிள் தரும் உச்ச அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம், அது தண்ணீரை 34 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும். இடதின் 120 மி.மீ. சுமார் 1.6 மீட்டருக்குத் தூக்கும். இடது சுவர் ஏன் தடிமன் என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.


மேட்டு_லயன்

மீன்தொட்டி மோட்டார் ஒன்று போட்டால் கை வலிக்காதே? 250 ரூபாய்க்குள் கிடைக்குது, கண்காட்சி முழுக்க ஓடிட்டே இருக்கும்.


இருபடி_இறைப்பான்

ஓடும், ஆனால் அது இதயம் இல்லை. அந்த மோட்டார் ஒரே சீராகத் தள்ளும், துடிப்பு இல்லை, வால்வுக்கு வேலையே இல்லை. வால்வு ஏன் என்று காட்டுவதுதான் நோக்கம். ஈரக் கையோடு பிள்ளைகள் நிற்கும் மேஜையில் 230 வோல்ட் வயரும் தேவையில்லை. மோட்டார் வைத்தே தீரணும் என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டியான நெஃப்ரானுக்கு மாடல் செய்யும்போது வையுங்கள், அங்கே சீரான ஓட்டம் பொருந்தும்.


தேவாலா_மழை (பதில்)

மூன்று மண்டலம் என்பதே ஐந்து பிள்ளைகளுக்கு அதிகம், இருந்தாலும் ரத்த ஓட்டத்தோடு ஒட்டின சின்ன மாடல் ஒன்று சொல்கிறேன், செலவு நூறு ரூபாய்க்குள்.

அரிவாள் செல் ரத்தசோகை: வட்டமான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துப்போகும் பரம்பரை நோய். நம் மாவட்டத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது: 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு பதிவு செய்ததுதான் இந்தியாவில் முதல் பதிவு. ஒன்றிய அரசு 2023இல் இதை ஒழிக்கத் தனி இயக்கமே தொடங்கியது.

சிவப்பணுவின் விட்டம் 7 மைக்ரான் சொச்சம், தடிமன் 2. இரண்டாயிரம் மடங்கு பெரிதாக்கினால் 14 மி.மீ. விட்டம், 4 மி.மீ. தடிமன். சமையலறை மேடை துடைக்கும் ஸ்பாஞ்ச் துணி நனைந்தால் ஏறக்குறைய அந்தத் தடிமன்தான் இருக்கும். சிவப்பு நிறத்தில் வாங்கி 14 மி.மீ. வட்டங்கள் முப்பது வெட்டுங்கள். தெளிவான குழாய் உள்விட்டம் 12 மி.மீ., நீளம் ஒரு மீட்டர், மேலே ஒரு புனல். தண்ணீரோடு விட்டால் வட்டங்கள் மடிந்து மடிந்து இறங்கும்; நிஜ அணுவும் தந்துகியில் (மிக மெல்லிய ரத்தக்குழாயில்) அப்படித்தான் மடிந்து நுழைகிறது. ஸ்பாஞ்சை முன்கூட்டியே தண்ணீரில் பிழிந்து ஊறவைக்கணும், காய்ந்த ஸ்பாஞ்ச் மிதந்து புனலிலேயே நிற்கும்.

அரிவாள் அணுக்களுக்கு எம்-சீலில் பிறை வடிவம், நீளம் 16 மி.மீ., சிவப்பு பெயின்ட், ஏழெட்டு போதும். வட்டங்களோடு கலந்து விட்டதும் இரண்டு பிறை குறுக்கே சிக்கும், பின்னால் வருவதெல்லாம் அங்கே அடைபடும். வலி ஏன் வருகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். சில சமயம் பிறை நேராக நழுவிப் போய்விடும், அதனால் குழாயை நட்டக்குத்தலாக வைக்காமல் ஒரு வளைவு கொடுங்கள். சிக்கினதைத் தள்ளக் கம்பி விடாதீர்கள், குழாய் கீறிவிடும். கீழ்முனையிலிருந்து தண்ணீர் ஏற்றினால் வந்துவிடும்.

அட்டையில் எழுத மூன்று செய்தி: சாதாரணச் சிவப்பணு 120 நாள் இருக்கும், அரிவாள் அணு 10 முதல் 20 நாள்தான், குளிரும் உடலில் நீர் குறைவதும் வலியைத் தூண்டும், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கடத்துபவர். எந்தச் சமூகத்தின் பெயரையும் மாடலில் எழுத வேண்டாம். அந்த வகுப்பிலேயே இந்த நோயோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம், தொட்டால் ஒட்டும் நோய் என்று யாராவது கிண்டல் செய்தால் பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளைதான்.


கோத்தகிரி_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ரொட்டிக் கவர் பை இரண்டும் ஒன்றாக நிரம்புகின்றன. சேலைக் குடல் தையலில் இருக்கிறது. குழாய்_வால்வு சார், அந்தச் சலைன் குழாய் விஷயத்தை இன்னும் சொல்லவில்லையே?


குழாய்_வால்வு

கோத்தகிரியில் மூடின ஜாடிக்குள் இருப்பது கோத்தகிரிக் காற்று. கோயம்புத்தூர் இறங்கினால் வெளி அழுத்தம் கூடிவிடும். ஒரு லிட்டர் காற்று அழுத்தத்தால் மட்டும் 150 மில்லி சுருங்கும். கீழே வெயில் கூடுதல் என்பதால் கொஞ்சம் விரிந்தாலும் நிகரமாக 100 மில்லி குறையும். அதாவது யாரும் தொடாமலே ரப்பர் உள்ளே குழிந்து, பைகள் நிரம்பி நிற்கும், இழுத்தால் மேற்கொண்டு எதுவும் நடக்காது. மாடல் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கடைசி நேரத்தில் பிரித்துப்போட்டுவிடுவார்கள். ஊட்டிக்கு ஏறும்போது இதற்கு நேர்மாறு, ரப்பர் கீழே உப்பும்.

எனவே பயணம் முழுக்கக் கிளிப் திறந்தே இருக்கட்டும். மேஜையில் வைத்து, கால் மணி நேரம் அந்த அறையின் சூட்டுக்கு ஜாடி வரட்டும், பிறகு ரப்பரை மூன்று சென்டிமீட்டர் மேலே தள்ளிப் பிடித்துக் கிளிப்பை மூடுங்கள். அறை சூடேறி மதியத்தில் ரப்பர் தொங்கினால் மறுபடி திறந்து மூடினால் போதும். கோவைக்குத் தற்செயலாகக் கிளிப் மூடியே வந்து, நடுவர் வரும்போது ரப்பர் உள்ளே குழிந்து நின்றால் மறைக்க வேண்டாம், கோத்தகிரி 1,793 மீட்டர், கோவை 411 மீட்டர் என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே கிளிப்பைத் திறக்கச் சொல்லுங்கள், உஸ் என்று காற்று உள்ளே போவது கேட்கும்.

உபரியாகக் கையுறை இரண்டு, ரொட்டிக் கவர் பை நாலு, சைக்கிள் ட்யூப் பட்டை ஒன்று தனிக் கவரில் போட்டு வையுங்கள். இதயப் பம்புகளைத் தண்ணீர் வடித்து, பல்பை அமுக்கி உலர்த்தி எடுத்துப்போங்கள். குஞ்சப்பனை வளைவுகளில் சிவப்புத் தண்ணீர் கொட்டினால் முதலில் நனைவது சேலைக் குடல்தான்.